கேக்கில் கிரீம் வழுவழுப்பாக வர என்ன செய்ய வேண்டும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டில் கேக் நன்றாகவே வருகிறது, மேலே கிரீம் பூசும்போதுதான் எல்லாம் சொதப்புகிறது என்பவர்களுக்காக இந்தப் பக்கம். கேள்விகள் பெரும்பாலும் கிரீமைப் பற்றியும் ஸ்கிரேப்பர் (பூச்சை வழித்துச் சமன் செய்யும் தட்டையான தகடு) பிடிக்கும் விதத்தைப் பற்றியும்தான் வருகின்றன. பதில்களில் பாதிக்கு மேல் கேக்கைப் பற்றியே இருக்கும். பூச்சில் கண்ணுக்குத் தெரிகிற குறைகளில் நிறைய, பூசுவதற்கு முன்பே கேக்கில் உட்கார்ந்திருந்தவை.

வேறு மாதிரி சொல்லாத இடங்களில், 6 அங்குல வட்ட டின்னில் சுட்ட அரை கிலோ ஸ்பாஞ்ச், அதன் மேல் கடையில் கிடைக்கும் நான்-டெய்ரி விப்பிங் கிரீம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். நம் ஊரில் வீட்டில் செய்பவர்கள் அதிகம் செய்வது அதுதான்.

கேக் சுட்டு எவ்வளவு நேரம் கழித்து கிரீம் பூசலாம்?

முடிந்தால் மறுநாள். இன்று சுட்டு, நாளை பூசுங்கள்.

அடுப்பிலிருந்து எடுத்ததும் டின்னிலேயே 10 நிமிடம் விடுங்கள். பிறகு கம்பி வலைத் தட்டில் கவிழ்த்து முழுவதும் ஆற விடுங்கள். 6 அங்குல கேக் ஆற ஒன்றரை மணி நேரமாவது ஆகும். தொட்டால் ஆறியது போல இருக்கும், நடுவில் சூடு மிச்சம் இருக்கும். அந்தச் சூட்டோடு கிரீம் வைத்தால் உள்ளே இருக்கும் ஆவி கிரீமை இளக்கிவிடும், அடுக்குகள் வழுக்கும். ஆறிய பிறகு கிளிங் ராப்பில் காற்றுப் புகாமல் சுற்றி ஃப்ரிட்ஜில் ஒரு இரவு வைத்தால் ஈரம் கேக் முழுக்கச் சமமாகப் பரவும், கேக் இறுகும். கத்தி வைக்கும்போது உதிர்வது வெகுவாகக் குறையும். சுற்றாமல் வைத்தால் ஓரம் காய்ந்துவிடும், அதற்கு வைக்காமலே இருக்கலாம்.

அன்றைக்கே கொடுக்க வேண்டிய ஆர்டர் என்றால், முழுவதும் ஆறிய கேக்கைச் சுற்றி ஃப்ரீசரில் ஒரு மணி நேரம் வையுங்கள். கல்லாக உறைய விடக் கூடாது. உறைந்த கேக்கில் பூசினால் முதலில் அருமையாக நிற்கும். பிறகு உள்ளே பனி கரைந்து, கேக்குக்கும் கிரீமுக்கும் நடுவில் தண்ணீர் கோர்த்து, பூச்சு பாளமாகக் கழன்று வரும். முன்பே உறைய வைத்த கேக் என்றால் முந்தின இரவே ஃப்ரீசரிலிருந்து கீழ்த்தட்டுக்கு மாற்றிவிடுங்கள்.

நடுவில் மேடாக எழும்பி, வெடித்தும் போகிறது. சுடும்போதே தட்டையாக வராதா?

ஓரளவுக்கு வரும். டின்னின் சுவர் முதலில் சூடாகிறது, அதை ஒட்டிய மாவு சீக்கிரம் வெந்து இறுகிவிடுகிறது. நடுவில் இருக்கும் மாவு அதற்குப் பிறகும் எழும்பிக்கொண்டே இருக்கும், அதனால் மேடு. ஓரம் மெதுவாக வேகும்படி செய்துவிட்டால் போதும்.

180 டிகிரியில் சுடுகிறவர்கள் 160-க்கு இறக்கி, நேரத்தைக் கூட்டிப் பாருங்கள். அதுவே பாதி மேட்டைக் குறைக்கும். இன்னொரு வழி, பழைய பருத்தித் துண்டைப் பட்டையாகக் கிழித்து, தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, டின்னைச் சுற்றிக் கட்டி ஊக்கு போடுவது. ஈரம் இருக்கும் வரை டின்னின் பக்கம் அதிகம் சூடாகாது. சின்ன ஓடிஜி (மின்சார அவன்) வைத்திருப்பவர்கள் துணி ஹீட்டர் கம்பியைத் தொடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இடம் நெருக்கமாக இருந்தால் இந்த வேலையே வேண்டாம்.

பேக்கிங் பவுடர் அளவுக்கு மேல் போனாலும் மேடு, வெடிப்பு எல்லாம் வரும். மாவு டின்னில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் இருக்க வேண்டாம். உயரமான கேக் வேண்டுமென்றால் ஒரே டின்னில் நிரப்பாமல் இரண்டு டின்களில் பிரித்துச் சுடுங்கள். குக்கரிலோ அடிகனமான பாத்திரத்திலோ சுடுபவர்களுக்கு அடியும் பக்கமும் கொஞ்சம் தடிமனாகப் பழுக்கும், அதைச் சீவி எடுக்க வேண்டியிருக்கும்.

இவ்வளவு செய்தாலும் மேலே கொஞ்சம் வெட்டத்தான் வேண்டும். டின்னிலிருந்து அப்படியே பூசும் அளவுக்குத் தட்டையான கேக்கை எதிர்பார்க்காதீர்கள்.

வெட்டினால் ஒரு பக்கம் உயரம், ஒரு பக்கம் தாழ்வு. நேராக வெட்டுவது எப்படி?

கேக்கின் அகலத்தை விட நீளமான, பல் வைத்த பிரெட் கத்தி வேண்டும். சின்னக் கத்தியால் இரண்டு பக்கத்திலிருந்தும் வெட்டினால் நடுவில் படி விழும்.

குளிர்ந்த கேக்கை டர்ன்டேபிளில் (கேக் வைத்துச் சுற்றும் சின்ன மேசை) வைத்து, குனிந்து, கண்ணைக் கேக்கின் உயரத்துக்குக் கொண்டுவாருங்கள். மேலிருந்து பார்த்து வெட்டுகிறவர்களுக்குத்தான் எப்போதும் சாய்கிறது. ஒரே இழுப்பில் குறுக்கே அறுக்க வேண்டாம். கத்தியை அசைக்காமல் பிடித்து, மேசையைச் சுற்றி, முதல் சுற்றில் ஒரு சென்டிமீட்டர் ஆழத்துக்குக் கோடு போடுங்கள். கோடு தொடங்கிய இடத்திலேயே வந்து சேர்ந்தால் மட்டத்தில் இருக்கிறது என்று அர்த்தம். சேரவில்லையென்றால் இப்போதே திருத்திக்கொள்ளலாம். பிறகு சுற்றிக்கொண்டே கொஞ்சம் கொஞ்சமாக ஆழப்படுத்தி நடுவில் முடியுங்கள்.

கத்தியில் நம்பிக்கை இல்லாதவர்கள் அந்தக் கோட்டில் உறுதியான தையல் நூலைச் சுற்றி, இரண்டு முனையையும் குறுக்காகப் பிடித்து இழுக்கலாம். ஸ்பாஞ்சுக்கு நூல் அருமையாக வேலை செய்யும். நட்ஸ், பழத்துண்டு போட்ட கேக்குக்குச் சரிப்படாது. மட்டம் பார்க்கப் பல்குச்சி குத்துகிறவர்கள் குத்தும்போதும் எடுக்கும்போதும் எண்ணிக்கொள்ளுங்கள். ஒரு குச்சி உள்ளே மாட்டிக்கொண்டால் அது விளையாட்டு இல்லை.

அடுக்கு ஒவ்வொன்றும் ஒன்றரை முதல் இரண்டு சென்டிமீட்டர் தடிமன் இருக்கட்டும். ஸ்கேல் வைத்து அளப்பதில் வெட்கமே வேண்டாம்.

மேல் தோலையும் பக்கத்தில் இருக்கும் பழுப்பு ஓரத்தையும் எடுக்க வேண்டுமா?

மேல் தோல், கட்டாயம். ஒரு இரவு சுற்றி வைத்தால் அது பிசுபிசுத்து, விரலோடு உரிந்து வரும். அதை விட்டுவிட்டுப் பூசினால் கிரீம் தோலோடு ஒட்டும், தோல் கேக்கோடு ஒட்டாது.

பக்கத்து ஓரத்தைப் பற்றி ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். என் கருத்து, கருகவில்லை, கோணலாக இல்லை என்றால் அதைத் தொடாதீர்கள். அந்த மெல்லிய ஓரம் இருப்பதால்தான் பக்கத்திலிருந்து தூள் உதிராமல் இருக்கிறது. புதிதாக வெட்டிய முகம் எப்போதும் அதிகம் உதிரும். ஆனால் அடுக்குகளின் அளவு முன்னேபின்னே இருந்தால் வேறு வழி இல்லை. அடுக்கி, இறுகிய பிறகு, மேலிருந்து கீழாகச் சீவிச் சமன் செய்யுங்கள். சீவிய துண்டுகளை என்ன செய்வது என்று கேட்பவர்கள் வீட்டில் குழந்தைகள் இல்லை என்று நினைக்கிறேன்.

எந்த அடுக்கை எங்கே வைப்பது?

டின்னின் அடியில் இருந்த அடுக்கைக் கவிழ்த்து உச்சியில் வையுங்கள். டின் கொடுத்த தட்டையான அடிப்பாகம் மேலே வரும், விளிம்பும் கூர்மையாக இருக்கும், தூளும் வராது. நீங்கள் வெட்டிய முகங்கள் எல்லாம் உள்ளே போய்விடும்.

சுகர் சிரப் எவ்வளவு ஊற்றலாம்?

தண்ணீரும் சர்க்கரையும் சம அளவு, கரையும் வரை கொதிக்க வைத்து, முழுவதும் ஆற வைத்தது. மூன்று அடுக்குள்ள அரை கிலோ கேக்குக்கு மொத்தமாக 60 முதல் 80 மில்லி போதும். எண்ணெய் சேர்த்த சாக்லேட் கேக் ஏற்கெனவே ஈரமாக இருக்கும், அதற்கு இன்னும் குறைவு.

நடுவில் தாராளமாகவும் ஓரத்தில் சிக்கனமாகவும் தடவுங்கள். ஓரம் ஊறிவிட்டால் அங்கே கேக் கூழாகி, ஸ்கிரேப்பர் பட்டதும் கிரீமோடு பெயர்ந்து வரும். ரசமலாய் கேக் செய்பவர்கள் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். ஏலக்காய்ப் பாலை மூன்று அடுக்கிலும் விளிம்பு வரை ஊற்றிவிட்டு, அடியில் மஞ்சள் தண்ணீர் கசிகிறது, பக்கம் நிற்கவில்லை என்று கேட்பவர்கள் நிறைய. சுற்றிலும் ஒரு சென்டிமீட்டர் உலர்வாக விடுங்கள். இன்னும் ஊறவேண்டும் என்று தோன்றினால் மீதிப் பாலை வெட்டிப் பரிமாறும்போது பக்கத்தில் வைக்கலாம்.

பூசும்போது நேராக இருந்தது. இரண்டு மணி நேரத்தில் அடுக்குகளுக்கு நடுவில் வயிறு தள்ளிவிட்டது. ஏன்?

மூன்று காரணங்கள் இருக்கலாம், பெரும்பாலும் மூன்றும் சேர்ந்தே இருக்கும்.

முதலாவது, உள்ளே வைத்த ஃபில்லிங் இளக்கமானது. ஜாம், பழக்கூழ், கேரமல் போன்றவற்றை அப்படியே பரப்பினால் மேல் அடுக்கின் எடையில் வெளியே பிதுங்கும். கெட்டியாக அடித்த கிரீமைப் பைப்பிங் பேக்கில் போட்டு, விளிம்பிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி ஒரு வளையம் பிழியுங்கள். அந்த வரப்புக்குள் ஃபில்லிங்கை வையுங்கள், வரப்பை விட உயரமாக வேண்டாம். கிரீம் மட்டும் என்றால் அடுக்குக்கு அரை சென்டிமீட்டரைக் கொஞ்சம் தாண்டினால் போதும். கிரீம் அதிகம் வைத்தால் கேக் ருசியாக இருக்கும் என்று நினைத்து ஒன்றரை சென்டிமீட்டர் வைப்பவர்களின் கேக்தான் முதலில் சாயும்.

இரண்டாவது, பழத்தின் தண்ணீர். டின்னில் வரும் அன்னாசித் துண்டுகளை வடிகட்டினால் மட்டும் போதாது. டிஷ்யூ பேப்பரில் பரப்பி ஒற்றி எடுத்து, பொடியாக நறுக்கிப் போடுங்கள். பெரிய துண்டுகள் அடுக்கையே மேடுபள்ளமாக்கும். மாம்பழ சீசனில் பங்கனப்பள்ளி போட்டு செய்வீர்கள். நன்கு பழுத்தது ஒரு மணி நேரத்திலேயே நீர் விடும். கொஞ்சம் கார்ன்ஃப்ளவர் கரைத்து ஊற்றிக் கெட்டியாகக் கிளறி, ஆற வைத்துப் போட்டால் மறுநாள் வரை தாங்கும்.

மூன்றாவது, அடுக்குகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்ட காற்றும், கேக் இன்னும் அமுங்கி முடியாததும். புதிதாக அடுக்கிய கேக் தன் எடையிலேயே கொஞ்சம் அமுங்கும். அது அமுங்கும் முன் நீங்கள் பூசிவிட்டால் பூச்சுதான் வெளியே தள்ளப்படும். அதனால் அடுக்கி முடித்ததும் உள்ளங்கையால் மேலே லேசாக, சமமாக அழுத்துங்கள். சுற்றிலும் கிளிங் ராப் போட்டு, மேலே ஒரு சின்னத் தட்டு வைத்து ஃப்ரிட்ஜில் இரண்டு மூன்று மணி நேரம் விடுங்கள். அப்புறம் பிதுங்கியதைக் கத்தியால் வழித்துவிட்டுப் பூசத் தொடங்கலாம். இந்த ஒரு வேலையைத்தான் எல்லோரும் அவசரத்தில் விடுகிறார்கள்.

கேக் போர்டில் நகர்ந்துகொண்டே இருக்கிறது.

போர்டின் நடுவில் ஒரு ஸ்பூன் கிரீம் தடவி, முதல் அடுக்கை அதன் மேல் அழுத்தி வையுங்கள். போர்டுக்கும் டர்ன்டேபிளுக்கும் நடுவில் ஈரத்துணியோ ரப்பர் வலை மேட்டோ போடுங்கள். கேக் டர்ன்டேபிளின் நடுவில் இருக்க வேண்டும். கொஞ்சம் தள்ளி இருந்தாலும் ஸ்கிரேப்பர் ஒரு பக்கம் கேக்கையே சுரண்டும், எதிர்ப்பக்கம் தொடாது.

கிரம்ப் கோட் (கடைசிப் பூச்சுக்கு முன் பூசும் மெல்லிய முதல் பூச்சு) கட்டாயமா?

சுவரில் பட்டி பார்க்காமல் பெயிண்ட் அடித்தால் எப்படி இருக்குமோ, அப்படித்தான். கிரம்ப் கோட்டுக்கு இரண்டு வேலை. உதிரும் தூளைப் பிடித்து வைப்பது ஒன்று, அடுக்குகளுக்கு நடுவே இருக்கும் பள்ளங்களை அடைப்பது இன்னொன்று. இரண்டாவதை நிறையப் பேர் மறந்துவிடுகிறார்கள். மெல்லிசாகப் பூசினேன், ஆனாலும் கோடு கோடாகத் தெரிகிறது என்றால் பள்ளம் அடைபடவில்லை.

முதலில் காய்ந்த பிரஷால் கேக்கைச் சுற்றித் தூளைத் தட்டிவிடுங்கள். பிறகு கிரீமைத் தனிக் கிண்ணத்தில் கொஞ்சம் எடுத்துக்கொள்ளுங்கள். கேக்கைத் தொட்ட கத்தி மறுபடி பெரிய பாத்திரத்துக்குள் போகக் கூடாது. ஒரு தடவை போனால் கடைசிப் பூச்சு வரை கருப்புப் புள்ளிகள் வரும், சாக்லேட் கேக்கில் வெள்ளை கிரீம் என்றால் சொல்லவே வேண்டாம். இடைவெளிகளில் கிரீமை அழுத்தித் திணித்து, மேலே கேக் லேசாகத் தெரியும் அளவுக்கு வழித்து எடுங்கள். ஃப்ரிட்ஜில் 20 முதல் 30 நிமிடம். விரல் வைத்தால் ஒட்டாமல் இருக்க வேண்டும்.

இந்தக் கட்டத்தில் கேக் நேராக நிற்க வேண்டும். சாய்வோ வயிறோ தெரிந்தால் இங்கேயே சரி செய்யுங்கள். மேலே இன்னும் கிரீம் போட்டு மறைக்கலாம் என்று போனால் ஒரு பக்கம் மட்டும் கிரீம் தடித்து, வெட்டும்போது தெரியும்.

கிரீமில் பொடிப் பொடியாக ஓட்டை. தேய்க்கத் தேய்க்கச் சொரசொரப்பாகிறது. என்ன தவறு?

அதிகம் அடித்திருக்கிறீர்கள், அல்லது அதிகம் தேய்த்திருக்கிறீர்கள். இரண்டும் ஒரே விளைவுதான். விப்பிங் கிரீமைக் கத்தியால் பரப்புவதும் ஒரு வகையில் அடிப்பதுதான், ஒவ்வொரு இழுப்பிலும் அது கொஞ்சம் கெட்டியாகும். அதனால் பூசுவதற்கான கிரீம், பூ பிழியும் கிரீமை விட இளக்கமாக இருக்க வேண்டும். பீட்டரைத் தூக்கினால் நுனி நிற்க வேண்டும், ஆனால் லேசாக வளைய வேண்டும். பூவுக்கு வேண்டியதைத் தனியாக எடுத்து இன்னும் சில விநாடி அடித்துக்கொள்ளுங்கள்.

உறைந்த பாக்கெட்டை முந்தின நாளே ஃப்ரீசரிலிருந்து ஃப்ரிட்ஜுக்கு மாற்றுங்கள். வெந்நீரில் போட்டு அவசரமாக உருக்கினால் பொங்காது. அடிக்கும்போது கிரீம் நல்ல குளிர்ச்சியாக இருக்க வேண்டும், அங்கங்கே மெல்லிய பனித் துகள் மிதந்தாலும் பரவாயில்லை. பாத்திரத்தையும் பீட்டரையும் கூட ஃப்ரீசரில் கொஞ்ச நேரம் வைத்துவிடுங்கள். வேகம் நடுத்தரமாக இருக்கட்டும். முழு வேகத்தில் அடித்தால் சீக்கிரம் பொங்கும், பெரிய பெரிய காற்றுக் குமிழியும் உள்ளே போகும். கடைசி ஒரு நிமிடம் மிகக் குறைந்த வேகத்துக்கு இறக்குங்கள். பிறகு ஸ்பாட்டுலாவால் கிரீமைப் பாத்திரத்தின் சுவரில் அழுத்தி அழுத்தித் தேய்த்தால் மிச்சக் குமிழிகள் உடையும். அரை கிலோ கேக்குக்குச் சுமார் 200 முதல் 250 மில்லி திரவ கிரீம் எடுத்துக்கொள்ளலாம்.

சொரசொரப்பாகிவிட்டதா? அடிக்காத குளிர்ந்த கிரீம் இரண்டு மூன்று ஸ்பூன் ஊற்றி, பீட்டர் இல்லாமல் ஸ்பாட்டுலாவாலேயே மெதுவாகக் கிளறுங்கள். பெரும்பாலும் திரும்ப வந்துவிடும். இதற்காகவே பாக்கெட்டில் கொஞ்சம் மிச்சம் வையுங்கள்.

பால் கிரீம்தான் வேண்டும் என்பவர்கள் கொழுப்பு அளவைப் பாருங்கள். 35 சதவீதத்துக்குப் பக்கத்தில் இருந்தால் நன்றாக நிற்கும். அமுல் ஃப்ரெஷ் கிரீமில் 25 சதவீதம்தான். அது பட்டர் மசாலாவுக்கு நல்லது, கேக் பூச அடித்து நேரத்தை வீணாக்காதீர்கள்.

நம்ம வெயிலுக்கு எது நன்றாக நிற்கும்? விப்பிங் கிரீமா, பட்டர்கிரீமா, கனாஷா (சாக்லேட்டும் கிரீமும் கலந்தது)?

வெண்ணெய் 32 முதல் 35 டிகிரிக்குள் உருகிவிடும். மே மாதம் மதியம் ஏசி இல்லாத சமையலறையே அந்த வெப்பத்தைத் தாண்டும். அந்த நேரத்தில் பட்டர்கிரீமோடு போராடுவதில் அர்த்தமில்லை. காலை ஆறு மணிக்கோ இரவு பத்து மணிக்கு மேலோ செய்யுங்கள், இல்லையென்றால் ஏசி அறைக்கு டர்ன்டேபிளைத் தூக்கிச் செல்லுங்கள்.

ஒரு பங்கு வெண்ணெய்க்கு இரண்டு பங்கு ஐசிங் சுகர் போடும் சாதாரண பட்டர்கிரீம், மேலே லேசாகப் பொருக்கு கட்டும். அது ஒரு வசதி. பொருக்கு கட்டியதும் பட்டர் பேப்பரை மேலே வைத்து விரலால் தடவினால் சின்னச் சின்னக் கோடுகள் மறையும். மிக்ஸியில் அரைத்த சர்க்கரை என்றால் மெல்லிய சல்லடையில் இரண்டு தடவை சலியுங்கள், இல்லாவிட்டால் ஒவ்வொரு பரலும் ஸ்கிரேப்பரில் மாட்டிக் கோடு இழுக்கும். ஸ்விஸ் மெரிங் பட்டர்கிரீம் இருப்பதிலேயே பட்டுப்போல வருவது. முட்டை வெள்ளையையும் சர்க்கரையையும் ஆவியில் 71 டிகிரி வரை சூடாக்கி, அடித்து ஆற வைத்து, வெண்ணெய் சேர்ப்பார்கள். வெயில் மட்டும் அதற்கு ஆகாது.

கூர்மையான விளிம்பு, நீண்ட தூர டெலிவரி என்றால் என் ஓட்டு கனாஷுக்கு. எடைக் கணக்கில் டார்க் சாக்லேட் இரண்டு பங்குக்கு கிரீம் ஒரு பங்கு, வெள்ளைச் சாக்லேட் என்றால் மூன்றுக்கு ஒன்று. கலந்ததும் பூச முடியாது. மேலே ஒட்டினாற்போல் கிளிங் ராப் மூடி, ஒரு இரவு வெளியே வைத்தால் கத்தியில் எடுத்தால் விழாமல், தடவினால் இழுபடும் பதத்துக்கு வரும். இங்கே சாதாரணப் பிறந்தநாள் ஆர்டர் கொடுப்பவர்களில் பலர் கனாஷைப் பார்த்து, "ரொம்ப திக்கா இருக்கு, சாஃப்டா கிரீம் போடுங்க" என்பார்கள். சரி, அவர்களுக்கு விப்பிங் கிரீம்.

ஸ்கிரேப்பரை எப்படிப் பிடிப்பது?

கடைசிப் பூச்சுக்கு முதலில் தேவையை விட அதிகமாகக் கிரீம் போடுங்கள். குறைவாகப் போட்டுச் சமன் செய்ய முயல்கிறவர்களுக்குத்தான் கேக் வெளியே எட்டிப் பார்க்கிறது. மேலே முதலில், பிறகு பக்கம். பக்கத்துக் கிரீம் மேல்மட்டத்தைத் தாண்டிக் கொஞ்சம் எழும்பி நிற்க வேண்டும்.

ஸ்கிரேப்பரின் அடி போர்டில் பட்டிருக்கட்டும், நிமிர்ந்து நேராக நிற்கட்டும். கேக்கை நோக்கி லேசாகத் திருப்பிப் பிடியுங்கள், கேக்குக்கும் அதற்கும் நடுவில் 30 டிகிரி அளவு கோணம். தட்டையாக ஒட்டிப் பிடித்தால் கிரீமை இழுத்துப் பிய்க்கும், கேக்குக்கு 90 டிகிரியில் திருப்பி வைத்தால் சுரண்டும். அந்தக் கையை உடம்போடு ஒட்டி அசைக்காமல் வைத்துவிட்டு, இன்னொரு கையால் மேசையை மட்டும் சுற்றுங்கள். தொடங்கும் முன்பே மேசையைச் சுற்றும் கையை எவ்வளவு தூரம் முடியுமோ அவ்வளவு தூரம் கொண்டுபோய் வைத்தால், நிறுத்தாமல் முக்கால் சுற்றாவது வரும். நிறுத்தும் ஒவ்வொரு இடத்திலும் ஒரு கோடு விழும். ஒவ்வொரு சுற்றுக்கும் ஸ்கிரேப்பரைத் துடையுங்கள். பள்ளம் தெரிந்தால் அங்கே கொஞ்சம் கிரீம் வைத்து இன்னொரு சுற்று.

விப்பிங் கிரீமில் நாலைந்து சுற்றோடு கையை எடுத்துவிடுவது நல்லது. அதற்கு மேல் போனால் அழகு கூடாது, ஓட்டைதான் கூடும்.

மேல் விளிம்பு கூர்மையாக வரவில்லை.

பக்கத்துக் கிரீம் எழும்பி நிற்கிறதல்லவா, அதை பேலட் நைஃபால் (கிரீம் பூசும் நீளமான, மழுங்கிய கத்தி) வெளியிலிருந்து நடுவை நோக்கி இழுத்து எடுங்கள். கத்தி மேல்மட்டத்துக்குக் கிடையாக இருக்க வேண்டும், ஒவ்வொரு இழுப்புக்கும் துடைக்க வேண்டும். உள்ளிருந்து வெளியே தள்ளினால் பக்கம் கெட்டுவிடும். கனாஷும் பட்டர்கிரீமும் என்றால் ஃப்ரிட்ஜில் இறுகவிட்டு இதைச் செய்யலாம், விளிம்பு பிளேடு மாதிரி வரும். விப்பிங் கிரீமில் அவ்வளவு கூர்மையை எதிர்பார்க்க வேண்டாம்.

கத்தியை வெந்நீரில் நனைத்துத் தேய்க்கலாமா?

பட்டர்கிரீம், கனாஷ் இரண்டுக்கும் நல்லது. நனைத்து, ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாமல் துடைத்து, இறுகிய பூச்சின் மேல் ஒரே ஒரு சுற்று. விப்பிங் கிரீமுக்கு வேண்டாம், அந்த இடம் மட்டும் உருகிப் பளபளக்கும்.

நிறம் சேர்த்ததும் கிரீம் கெட்டுப்போகிறது.

திரவ நிறம் கிரீமை இளக்கும், அதனால் ஜெல் நிறம் வாங்குங்கள். நிறம் சேர்த்துக் கலக்கும்போதே கிரீம் இன்னும் அடிபடுகிறது என்பதால் பதத்துக்குக் கொஞ்சம் முன்னாலேயே அடிப்பதை நிறுத்தி நிறம் சேருங்கள். சிவப்பு, கருப்பு, அடர் நீலம் எல்லாம் நேரம் போகப் போக அடர்த்தியாகும். நினைத்ததை விட ஒரு படி வெளிறிய நிலையில் விட்டு அரை மணி நேரம் கழித்துப் பாருங்கள்.

ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்தால் வியர்க்கிறது.

கடலோர ஊர்களில் இது இருக்கவே இருக்கிறது. குளிர்ந்த கேக்கின் மேல் ஈரக்காற்று பட்டால் தண்ணீர் கோர்க்கும். கேக்கை அட்டைப் பெட்டியில் மூடி ஃப்ரிட்ஜில் வையுங்கள், வெளியே எடுத்த பிறகும் கொஞ்ச நேரம் பெட்டியைத் திறக்காதீர்கள். ஈரம் பெட்டியின் மேல் படியும். வியர்த்துவிட்டால் துடைக்கக் கூடாது, ஃபேன் காற்றில் தானாகக் காயட்டும். பெட்டி இல்லாமல் வைத்தால் கிரீம் காய்ந்து வெடிக்கும். நேற்றைய சாம்பார் வாசனையும் ஏறிக்கொள்ளும், அந்த வாசனையோடு வெனிலா கேக் யாருக்கும் பிடிக்காது.

முட்டையில்லாத கேக் ரொம்பவே உதிர்கிறது.

கண்டென்ஸ்டு மில்க், தயிர் வைத்துச் செய்யும் கேக்குகளில் முட்டை தரும் பிடிப்பு இல்லை. ஒரு இரவு ஃப்ரிட்ஜில் வைப்பது இதற்குக் கட்டாயம். அடுக்கை ரொம்ப மெல்லியதாக வெட்டாதீர்கள், தூக்கும்போது உடையும். கேக் போர்டையோ தட்டையான தோசைத் திருப்பியையோ அடியில் நுழைத்து நகர்த்துங்கள். கிரம்ப் கோட்டுக்குக் கிரீமை இன்னும் இளக்கமாக வைத்தால் கேக்கைப் பிய்க்காமல் பரவும்.

டர்ன்டேபிள், ஸ்கிரேப்பர் எதுவும் இல்லை.

ஸ்கிரேப்பருக்குப் பதில் ஸ்டேஷனரி கடையில் கிடைக்கும் புது ஸ்டீல் ஸ்கேல் போதும், நன்றாகக் கழுவிவிட்டு. கேக்கை விட உயரமாக இருந்தால் சரி. டர்ன்டேபிளுக்குத்தான் ஈடு கிடையாது. கிண்ணத்தைக் கவிழ்த்து மேலே தட்டு வைத்துச் சுற்றலாம், கிரம்ப் கோட் வரை சமாளிக்கும். ஒரே ஒரு பொருள் வாங்கப் பணம் இருந்தால் அதை வாங்குங்கள், பூ பிழியும் நாசில் செட் அப்புறம்.

எவ்வளவு முயன்றும் ஒரு பக்கம் சரியாக வரவில்லை. இன்னும் ஒரு மணி நேரத்தில் கொடுக்க வேண்டும்.

தேய்ப்பதை நிறுத்திவிட்டு 15 நிமிடம் ஃப்ரிட்ஜில் வையுங்கள். வெளியே எடுத்து, ஓட்டைகளில் மட்டும் விரல் நுனி அளவு கிரீம் வைத்து, ஒரே ஒரு சுற்று சுற்றுங்கள். அப்போதும் சரிவரவில்லையென்றால் பல் வைத்த கோம்ப் ஸ்கிரேப்பரால் சுற்றிலும் வரி போட்டுவிடலாம், வேண்டுமென்றே செய்தது போலத்தான் இருக்கும். அடியில் இரண்டு சென்டிமீட்டருக்குச் சாக்லேட் துருவலோ பொடித்த முந்திரியோ ஒட்டலாம். பாதிக் குறைகள் அடியில்தான் இருக்கும். மிச்சம் இருக்கும் மோசமான பக்கத்தைப் பின்பக்கமாக வைத்து, அதற்கு எதிரில் பெயர் எழுதுங்கள். பெட்டியிலும் அந்தப் பக்கம் உள்ளே போகும்படி வையுங்கள்.